மச்சான் மீனுக்குக் கொண்டுபோன கேன்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சேலையூர்ல இருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஒரு பத்து லிட்டர் கேனைக் கொண்டுபோய்க் குடுக்கணும்.

அவ்வளவுதாங்க.

கேனைத் தூக்கு, ஷேர் ஆட்டோ ஏறு, தாம்பரத்துல ட்ரெயினைப் பிடி, இறங்கு, குடு, ஒரு டீ குடி, திரும்பி வா. படிக்காத ஆளுகிட்ட சொல்லியிருந்தா பதினோரு மணிக்குள்ள முடிச்சிட்டு வீட்ல படுத்திருப்பார்.

ஆனா நான் படிச்சவன். எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி. இருபது வருஷத்துக்கு மேல வாத்தியார். ஊரே "டேனியல் சார்"னு கூப்பிடும். அங்கதான் ஆரம்பிச்சுது சனி.

மொதல்ல அந்தக் கேன்ல என்னன்னு சொல்லிடறேன்.

என் மனைவி மெர்சிக்கு ஒரே தம்பி, ஜெபா. ஒரு கம்பெனியில மெஷின் ஓட்டிக்கிட்டிருந்தான். ஷிப்ட் மாறி மாறி கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு. ஒரு நாள் வந்து, "அத்தான், வேலைய விட்டுட்டு மீன் வளக்கலாம்னு பாக்கறேன்"னான்.

வீட்ல அத்தனை பேரும் "கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னாங்க. நான் ஒருத்தன்தான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "விடுடா மச்சான் வேலைய! நான் இருக்கேன்!"னேன்.

எதுக்கு இருக்கேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல.

அவன் நம்பி விட்டுட்டான். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து, கெண்டைக் குஞ்சு விட்டான். மொதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. மழை முடிஞ்சதும் மீன் அத்தனையும் மந்தமாயிடுச்சு. தீவனம் போட்டா மேல வர்றதில்ல. மாசக்கணக்கா வளத்தும் உள்ளங்கை சைஸைத் தாண்டல. அப்புறம் தினம் ஒண்ணு ரெண்டு செத்து மிதக்க ஆரம்பிச்சுது.

ஜெபா போன்ல அழல. "அத்தான், கம்பெனியில திரும்ப எடுத்துப்பாங்களா?"ன்னு மட்டும் கேட்டான். நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அவன் பாட்டுக்கு மெஷின் ஓட்டிக்கிட்டிருப்பான்.

மாமியார் என்கூட பேசறதை நிறுத்திட்டாங்க. அது தனி சந்தோஷம், அதை இங்க கலக்க வேணாம்.

ஒரு மீன் டாக்டர் மேடம் வந்து பாத்தாங்க. "தண்ணி பரவாயில்ல. மீனுக்குக் குடல்தான் சரியில்ல. நல்ல பாக்டீரியா உள்ள போகணும். தீவனத்தோட புரோபயாட்டிக் குடுங்க. தின்னது உடம்புல ஒட்டும், நோயைத் தாங்கற சக்தியும் வரும்"னு சொல்லி, மூணு பவுடர் பாக்கெட்டும் செய்முறையும் குடுத்தாங்க.

ரொம்ப சிம்பிள். வெல்லத் தண்ணி. கொஞ்சம் தவிடு. கொஞ்சம் ஈஸ்ட். அந்தப் பவுடர். ரெண்டு நாள் ஊறட்டும். தீவனத்துல பிசறி, நிழல்ல உலத்தி, அன்னிக்கே குளத்துல போட்டுடணும்.

ஜெபா குளத்தங்கரையிலேயே ரெண்டு தடவை பண்ணிப் பாத்தான். மொதல் தடவை பக்கத்து ஆடு வந்து கவுத்துடுச்சு. ரெண்டாவது தடவை அதே ஆடு வந்து குடிச்சிட்டுப் போயிடுச்சு. மேடம் சொன்ன மாதிரியே நல்ல வளர்ச்சி. ஆட்டுக்கு.

அப்பதான் நான் உள்ள பூந்தேன்.

"டேய், இது நொதித்தல்டா! பத்தாங்கிளாஸ் பாடம்! வருஷா வருஷம் நடத்தறேன். சர்க்கரை, ஈஸ்ட், இன்வெர்டேஸ், சைமேஸ்! என்கிட்ட விடு. வீட்லயே ரெடி பண்ணி சனிக்கிழமை கொண்டாந்து தரேன்."

"அத்தான், பாத்துப் பண்ணுங்க. இது கடைசிப் பாக்கெட். அடுத்தது வர பத்து நாள் ஆகுமாம்."

"யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

பாத்ரூம்ல ஒரு பக்கெட்டு. மேல வெள்ளைத் துணி. துணி கட்டினது மெர்சி. ரெண்டே நாள்ல நுரை பொங்கி, கும்முனு ஒரு வாசனை. எனக்கு ஒரே பெருமை. பல்லு வெளக்கும்போதெல்லாம் அதைப் பாத்து சிரிச்சேன்.

சனிக்கிழமை காலையில அதைக் கேன்ல ஊத்தினேன், கழுத்து வரைக்கும். திருகு மூடியை எடுத்து இறுக்கினேன்.

மெர்சி கதவோரமா நின்னு பாத்தா. "ஏங்க, இறுக்கி மூடாதீங்க. நான் கிறிஸ்மஸுக்கு திராட்சை ரசம் போடும்போது ஜாடி வாயில துணிதானே கட்டறேன்?"

இங்க ஒரு விளக்கம். எங்க வீட்ல அதுக்குப் பேரு ஒயின் கிடையாது, திராட்சை ரசம். ஏன்னா எங்க ஸ்கூல்ல போதை ஒழிப்புப் பேரணிக்கு ஒருங்கிணைப்பாளரே நான்தான். அந்த ரசத்தை ரெண்டு டம்ளர் குடிச்சா மெர்சியோட சித்தப்பா ஒரே கீர்த்தனையை நாலு ராகத்துல பாடுவார். ஆனாலும் அது ரசம்தான்.

"மெர்சி, எனக்கேவா கெமிஸ்ட்ரி?"

"கெமிஸ்ட்ரி இல்லீங்க. மூடி."

"ஷேர் ஆட்டோல தளும்பி அடுத்தவன் பேன்ட்ல ஊத்தினா? கொஞ்சம் யோசி."

மூடிமேல இன்சுலேஷன் டேப்பை எடுத்து ஏழு சுத்து சுத்தினேன். அதோட விட்டேனா? வெயில் படக்கூடாதுன்னு, வீட்ல கிடந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கேன் மேல சுத்தி, கயிறு போட்டுக் கட்டினேன். மெர்சி பாட்டு பிராக்டிஸுக்கு நேரமாச்சுன்னு ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு சர்ச்சுக்குப் போயிட்டா.

ஷேர் ஆட்டோவுல கேனைக் கால் நடுவுல வெச்சுக்கிட்டேன். கேம்ப் ரோடு ஜங்ஷன்ல இருந்து தாம்பரம் வரைக்கும் எத்தனை ஸ்பீட் பிரேக்கர், எத்தனை பள்ளம்! ஒவ்வொண்ணுக்கும் கேன் உள்ள "குளுக், குளுக்"னுது. நல்லாக் கலங்கட்டும், பாக்டீரியாவுக்கும் ஒரு எக்ஸர்சைஸ்னு நினைச்சுக்கிட்டேன்.

தாம்பரம் ஸ்டேஷன்ல கேனைக் கீழ வெச்சேன். நிக்கல. சாஞ்சுது.

நிமித்தி வெச்சேன். மறுபடி சாஞ்சுது. தடவிப் பாத்தா, நாலு பக்கமும் அடியும் தட்டையா இருந்த கேன், பூரி மாதிரி உப்பியிருக்கு!

எம்.எஸ்சி மூளை உடனே வேலை செஞ்சுது. "வெயில். வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்."

பாடம் சரிதான். சாப்டர்தான் தப்பு.

செங்கல்பட்டு ட்ரெயின் வந்துது. ஜன்னலோரம் சீட்டு. கேனை மடியில வெச்சுக்கிட்டேன். பக்கத்துல ஒரு கொய்யாக்கார அக்கா, கூடையோட. எதிர்ல ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, பேப்பர்.

பெருங்களத்தூர் தாண்டினதும் கேன்ல இருந்து மெல்லிசா ஒரு சத்தம். "ஸ்ஸ்ஸ்ஸ்..."

கொய்யாக்கார அக்கா என்னைப் பாத்துது. கேனைப் பாத்துது. "இன்னாப்பா அது? சவுண்டு வுட்டுகினு கீது?"

"ஒண்ணுமில்லக்கா. மீன் தீவனத்துக்கு."

"மீனு இப்டி சீறாதே. பாம்பு கீம்பு வெச்சினு கீறியா?"

"இல்லக்கா, இது வந்து ஒரு திரவம்."

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!" இப்ப சத்தம் பெருசாச்சு. பெரியவர் பேப்பரை இறக்கினார்.

வண்டலூர் வந்துது. அக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, "இந்தா, ஜூ வந்துடுச்சு. எறக்கி வுட்டுட்டுப் போயேன்!"னுது. பெட்டியே சிரிச்சுது. எனக்கு ரோஷம் வந்துடுச்சு.

"இங்க பாருங்கம்மா, நான் கெமிஸ்ட்ரி டீச்சர். பயப்பட ஒண்ணுமே இல்ல. திறந்தே காட்டறேன்."

மூடிப் பக்கம் மட்டும் பேனரை விலக்கினேன். டேப்பைப் பிரிச்சேன், ஒவ்வொரு சுத்தா. ஏழாவது சுத்து பிரியும்போதுதான் மண்டைக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சுது. வருஷா வருஷம் போர்டுல எழுதற அதே வரி, என் கையெழுத்துலேயே கண்ணு முன்னாடி வந்துது. நொதித்தலின்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறுகிறது.

வெளியேறுகிறது!

எப்படிடா வெளியேறும், நீ ஏழு சுத்து சுத்தினா?

"அக்கா, கொஞ்சம் தள்ளி..."

டமார்!

மூடி மேல இருந்த ஃபேன்ல அடிச்சு, எங்கயோ பறந்து போச்சு. பின்னாடியே நுரை. கூரை வரைக்கும் எழும்பி, ஒரு செகண்டு அங்கயே நின்னு, என்ன பண்ணலாம்னு யோசிச்சிட்டு, மொத்தமா எங்க மேல இறங்கிச்சு. நான் பயத்துல கையை விட்டேன். கேன் உருண்டுது. மிச்சம் இருந்தது குபுகுபுன்னு சீட்டுக்கு அடியில ஓடிச்சு. பாஞ்சு பிடிச்சு நிமித்தறதுக்குள்ள முக்கால்வாசி காலி.

பெரியவரோட பேப்பர் கூழாயிடுச்சு. அவர் மூக்கு நுனியில இருந்து தவிடு சொட்டுது. என் மீசையிலயும் தவிடு. கொய்யா அத்தனையும் குளிச்சிட்டு நிக்குது.

அப்புறம் வாசனை பரவிச்சு.

பெரியவர் கண்ணை மூடி ஒரு தடவை ஆழமா இழுத்தார். "சாராய ஊறல்"னார். சந்தேகமே இல்லாத குரல்ல.

"ஐயையோ சார், நான் வாத்தியார்!"

"வாத்தியே காய்ச்சறாண்டோய்!"னு பின்னாடி இருந்து ஒருத்தன்.

கூடுவாஞ்சேரியில இறங்கச் சொன்னாங்க. யாரோ தகவல் சொல்லியிருக்காங்க, பிளாட்பாரத்துல ஒரு லேடி போலீஸ் ரெடியா நிக்கறாங்க. நான், என் கேன், ஈரமான பேனர். கூடவே கொய்யாக்கார அக்காவும் இறங்கிடுச்சு. "சாட்சி சொல்லணும்ல? நான் கண்ணால பாத்தவ."

போலீஸ் அம்மா நோட்டைத் திறந்தாங்க. "இன்னா சார் இது?"

"மேடம், மீன் தீவனத்துல கலக்கறது. மீனுக்கு நல்லா வளர்ச்சி வரும், நோய் எதிர்ப்பு சக்தி வரும்."

"அதுல இன்னா போட்டுருக்கீங்க?"

"வெல்லம்."

எழுதினாங்க. "அப்புறம்?"

"ஈஸ்ட்."

"அப்புறம்?"

"தண்ணியில கரைச்சு ரெண்டு நாள் ஊற வெச்சேன்."

"எங்க?"

"பாத்ரூம்ல."

கொய்யாக்கார அக்கா தலையாட்டுச்சு. "படா கரெக்டா சொல்றாரும்மா. எங்க பெரியப்பாவும் இப்டித்தான் போடுவாரு. உள்ள போயிட்டு வந்தாரு."

"காய்ச்ச மாட்டீங்களா?"ன்னு போலீஸ் அம்மா.

"இல்ல மேடம், காய்ச்சினா பாக்டீரியா செத்துடும். அப்படியே பச்சையாத்தான் குடுப்பேன்."

"யாருக்கு?"

"மச்சானுக்கு. அதாவது... மச்சான் மீனுக்கு."

நான் வாயைத் திறக்கத் திறக்க கேஸ் ஸ்ட்ராங் ஆகிக்கிட்டே போகுது. சரி, ஜெபாவையே பேச வெச்சிடலாம்னு போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

"அத்தான்! எங்க இருக்கீங்க? நேத்துல இருந்து இங்க ஒருத்தரும் வாயைத் திறக்கல. நீங்க கொண்டாந்து ஊத்தினாத்தான் உசுரே வரும்!"

போலீஸ் அம்மா பேனாவை மூடினாங்க. "அங்க எத்தினி பேரு சார்?"

"ரெண்டாயிரம். மேடம், எல்லாம் கெண்டை!"

"அந்தத் துணியப் பிரிங்க. உள்ள வேற இன்னா கீதுன்னு பாக்கலாம்."

பேனரைப் பிரிச்சேன். அவசரத்துல வீட்ல எதைச் சுத்தினேன்னு நான் கவனிக்கவே இல்ல. பிளாட்பாரத்துல முழுசா விரிஞ்சுது. "போதை இல்லாப் பள்ளி! மாபெரும் விழிப்புணர்வுப் பேரணி!" கீழ, விரலை நீட்டி எச்சரிக்கை பண்ற மாதிரி, என் போட்டோ. பாஸ்போர்ட் சைஸ் இல்லீங்க, ரெண்டடி உயரம். மூஞ்சி மேல தவிடு.

அவங்க போட்டோவைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடி போட்டோவை.

"டேனியல் சாரா? சார்... நான் தனலட்சுமி சார். பத்து பி. லாஸ்ட் பெஞ்ச்."

மண்ணு பிளந்து என்னை விழுங்கட்டும்னு நினைச்சேன். கூடுவாஞ்சேரி பிளாட்பாரம் கான்கிரீட்டு. பிளக்கல.

"நல்லா இருக்கியாம்மா?"ன்னேன், மீசையைத் துடைச்சுக்கிட்டே.

"நான் நல்லா கீறேன் சார். நீங்கதான்..." மேல சொல்லாம கேனைப் பாத்தா.

நான் பையில இருந்த காலிப் பவுடர் பாக்கெட்டைக் காட்டினேன். அதுல மீன் படம் இருந்துது. பாதி நம்பினா. மீதிக்கு ஜெபாவை வீடியோ கால்ல வரச் சொன்னா. அவன் போனைத் திருப்பிக் குளத்தைக் காட்டினான். கரையோரமா ரெண்டு கெண்டை வயித்தை மேல காட்டிக்கிட்டு மிதக்குது. அப்புறம் போன் திரும்பி அவன் மூஞ்சியைக் காட்டுச்சு. தூங்கி எத்தனை நாளாச்சோ, கண்ணு மறுபடி உள்ள போயிருக்கு. கம்பெனியில இருந்தப்போ இருந்த மாதிரியே.

கொய்யாக்கார அக்காவே "ஐயோ பாவம்பா"ன்னுது.

"சீக்கிரம் போங்க சார்"னா தனலட்சுமி. "ஆனா நடந்ததை ஒரு லெட்டரா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நோட்ல ஏத்தியாச்சு."

ஒரு பெஞ்சுல உக்காந்து எழுதினேன். வெல்லம், ஈஸ்ட், தவிடு, மச்சான், மீன், எல்லாம். குடுத்தேன். அவ நின்னுக்கிட்டே முழுசாப் படிச்சா.

"சார், மூடி ஏன் தெறிச்சுதுன்னு காரணமே எழுதலியே?"

"அது வந்து... கார்பன் டை ஆக்சைடும்மா."

"இதே கொஸ்டீன் ரிவிஷன் டெஸ்ட்ல கேட்டீங்க சார். 'நொதித்தலில் வெளியேறும் வாயு எது?' நான் ஆக்சிஜன்னு எழுதினேன். முட்டை போட்டு, கீழ செவப்பு இங்க்ல 'சிந்திக்கவும்'னு எழுதினீங்க. எங்க அப்பாகிட்ட கையெழுத்து வேற வாங்கினு வரச் சொன்னீங்க."

"ஞாபகம் இல்லம்மா"ன்னேன். பொய். நான் எல்லாருக்கும் அதைத்தான் எழுதுவேன்.

"மூடிய லூசா வுடணும்னு எங்க வூட்டு இட்லி மாவுக்கே தெரியும் சார்"னு சொல்லிக்கிட்டே பேனாவை எடுத்தா. என் லெட்டருக்குக் கீழ நிதானமா ஒரு வார்த்தை எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போட்டா.

தலைகீழாவே படிச்சிட்டேன். "சிந்திக்கவும்."

அடுத்த ட்ரெயின்ல ஏத்தி விட்டதும் அவதான். கேன் வாயில தன்னோட கைக்குட்டையைக் கட்டி, "இதைத் தொடாதீங்க சார்"னு சொல்லி அனுப்பினா.

சிங்கப்பெருமாள் கோவில்ல ஜெபா பைக்கோட நின்னான். கேனைத் தூக்கிப் பாத்தான். அதிகபட்சம் ரெண்டு லிட்டர் இருக்கும். என் சட்டையைப் பாத்தான், அதுல ஒரு லிட்டர் இருந்துது. திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். "பரவால்ல அத்தான், இருக்கறதைப் போடுவோம்"னான்.

தீவனத்துல பிசறினோம். உலத்த ஒரு விரிப்பு வேணுமே? பேனர்தான் இருக்கே. மரத்தடியில விரிச்சு, என் மூஞ்சி மேலயே தீவனத்தைப் பரப்பினோம். அந்த ஆடு கொஞ்ச தூரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்துது. நாலு மணி வரைக்கும் ஆட்டுக்குக் காவல் நின்னதுதான் அன்னிக்கு நான் ஒழுங்காச் செஞ்ச ஒரே வேலை.

சாயங்காலம் குளத்துல வீசினோம். பத்துப் பதினஞ்சு மீன் மேல வந்து வாயைத் திறந்துது. மத்ததெல்லாம் வரல. "பத்து மீனாவது வந்துச்சே அத்தான்"னான் ஜெபா.

வீட்டுக்கு வந்து மெர்சிகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவ சிரிக்கல. தம்பி கண்ணு உள்ள போயிருக்குன்னு சொன்னதும் எழுந்து போயி போனை எடுத்தா. மீன் டாக்டர் மேடம்கிட்ட பேசி, வேற ஒரு பண்ணையில இருந்து ரெண்டு பாக்கெட் கைமாத்தா கேட்டு வாங்கினா. பத்து நாள் காத்திருக்கணும்னு எனக்குச் சொன்னாங்கன்னா, நான் காத்திருப்பேன். அவ காத்திருக்க மாட்டா.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்ததும் அவளே கரைச்சா. வாய்க்கு வெள்ளைத் துணி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் துணி கட்டின கேனை ஸ்கூட்டியில கால் நடுவுல வெச்சு, அவளே சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போனா. ஒரு சொட்டு சிந்தல.

அதுல இருந்து வாரா வாரம் அவதான். ஒரு மாசத்துல மிதக்கறது நின்னுடுச்சு. இப்ப ஜெபா கரையில வந்து நின்னாலே தண்ணி கொதிக்கற மாதிரி மீன் மேல வருது. ஒவ்வொண்ணும் முழங்கை நீளம். கம்பெனி பேச்சையே அவன் எடுக்கறதில்ல. "அக்கா கைராசி"ன்னு ஊரெல்லாம் சொல்றான். மாமியார் மறுபடி என்கூடப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. எல்லாத்துலயும் ஒரு குறை இருக்கத்தானே செய்யும்.

எங்க வீட்டு பாத்ரூம்ல அந்தப் பக்கெட்டு இன்னும் இருக்கு. துணி கட்டி, அதுமேல மெர்சி கொட்டை எழுத்துல ஒரு சீட்டு ஒட்டி வெச்சிருக்கா: "கெமிஸ்ட்ரி சார் தொடக் கூடாது."